பேரப்பிள்ளைகள் வரும் மே லீவும், வீடு நிறையச் சத்தமும்: தாத்தா பாட்டிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

முழுப்பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்கு வந்து இறங்கிய அன்றே பெரும்பாலான வீடுகளில் இரண்டு அதட்டல்கள் மாறி மாறிக் கேட்கும். "சத்தம் போடாதே!" என்பது ஒன்று. "அந்த போனைக் கீழே வை!" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாயால் சொல்வதில்தான் சிக்கல். போனைக் கீழே வைத்த பிள்ளை சத்தம் போடத்தான் செய்யும். சத்தமும் போடக் கூடாது என்றால் அது மறுபடி போனைத்தான் எடுக்கும்.

அதனால் சத்தத்தை அடக்கப் பார்க்காமல், அதற்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுத்துவிடுவதுதான் நல்லது. அதோடு, சத்தம் எழுப்பும் பொருளை நாமும் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய வேண்டும். கடையில் வாங்கிய பேட்டரி பொம்மை ஒரே ராகத்தைத் திருப்பித் திருப்பிப் பாடும், சாயங்காலத்துக்குள் சலித்துவிடும். பூவரச இலையில் சுருட்டிய பீப்பி பத்து நிமிடத்தில் கிழிந்துபோகும், உடனே இன்னொன்று சுருட்ட வேண்டும். அந்தச் சுருட்டும் வேலைதான் விளையாட்டே.

முதலில்: பிள்ளைகள் வருவதற்கு முன்பே

மகனிடமோ மகளிடமோ போனில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மருமகளிடமும் நேரடியாகச் சொல்லுங்கள், மகன் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். "காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பிள்ளைகள் கொட்டி முழக்கும். மத்த நேரம் நான் பார்த்துக்கிறேன் தாயி" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் அண்டாவைக் கவிழ்த்துப் பேரன் கையில் கரண்டியைக் கொடுத்தால்தான் முகம் சுளிப்பார்கள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது லேப்டாப்போடுதான் ஊருக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மீட்டிங் எந்த நேரம் என்று கேட்டு, அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் திட்டமிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் பெரியவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை என்று யாராவது இருந்தால் கொட்டும் இடத்தை வீட்டின் அந்தப் பக்கத்திலிருந்து மாற்றிவிடலாம். போகும்போது வெறுங்கையோடு போகாமல் நாலு மாம்பழம் எடுத்துப் போனால் பேச்சு சுலபமாக முடியும்.

நேரம் என்று பார்த்தால், மே மாதத்தில் வெயிலே பாதியை முடிவு செய்துவிடுகிறது. காலை ஏழிலிருந்து பத்துக்குள், சாயங்காலம் ஐந்துக்கு மேல். மத்தியானம் சாப்பிட்டபின் எல்லோரும் பாய் விரிக்கும் நேரம் முழு அமைதி. அந்த அமைதியைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் முதலில் படுப்பது நீங்களாகத்தான் இருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பாட்டி வீட்டு அண்டாவை அளக்க யாரும் கருவியோடு வரப்போவதில்லைதான். ஆனாலும் இரவு எட்டு மணிக்குமேல் கொட்டு வேண்டாம்.

இரண்டாவது: சாமான் சேர்த்தல்

மார்ச் மாதமே ஓர் அட்டைப்பெட்டியை மூலையில் வைத்துச் சேர்க்கத் தொடங்குங்கள். துருவி முடித்த கொட்டாங்குச்சிகள், மூடியோடு பிஸ்கட் டப்பா, கண்ணாடி பாட்டில்கள், பழைய சட்டையின் பெரிய பொத்தான்கள், விளக்குமாற்று ஈர்க்கு, ரப்பர் பேண்டு, பூக்கட்டும் நூல், பழைய நாளிதழ், தீப்பெட்டிக் கூடுகள். பால் பவுடர் டப்பா கிடைத்தால் விடாதீர்கள், மேளத்துக்கு அதைவிடத் தோதானது இல்லை. தகர டப்பா என்றால் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூர் இருந்தால் சுத்தியலால் தட்டி மடக்கி, மேலே துணி டேப் ஒட்டிவிடுங்கள்.

மரங்களையும் நோட்டம் விட்டு வையுங்கள். எந்தத் தெருவில் பூவரசு கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது, நுங்கு வண்டிக்காரர் எந்த நேரம் எந்த முனையில் நிற்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது: முதல் நாள் பீப்பி மட்டும்

வந்த அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். நகரத்துப் பிள்ளைகள் முதல் நாள் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும். "வா, தாத்தா உனக்கு ஒன்று கற்றுத்தருகிறேன்" என்று கூப்பிட்டால் பள்ளிக்கூட வாடை அடிக்கும், வராது. திண்ணையில் நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து ஒரு பூவரச இலையைச் சுருட்டி ஊதுங்கள். அது எழுப்பும் அநாகரிகமான சத்தத்துக்கே பாதிப் பிள்ளைகள் ஓடி வந்துவிடும்.

இலை ரொம்பக் கொழுந்தாகவும் இருக்கக் கூடாது, முற்றிக் கரும்பச்சையாகவும் இருக்கக் கூடாது. கொழுந்து துவண்டுபோகும், முற்றியது சுருட்டும்போது வெடிக்கும். காம்பைக் கிள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக் குழல் ஆக்குங்கள். ஒரு முனையை இரு விரலால் லேசாக நசுக்கித் தட்டையாக்கினால் அதுதான் சீவாளி, அதாவது நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் பகுதி. உதட்டுக்கு நடுவில் வைத்து ஊத வேண்டும், கடிக்கக் கூடாது. சத்தம் வராவிட்டால் பெரும்பாலும் அதிகம் நசுக்கியிருப்பீர்கள். கொஞ்சம் பிரித்துவிட்டுப் பாருங்கள். ஒரு பீப்பி வந்துவிட்டால் அதன் மேலேயே இரண்டு மூன்று பெரிய இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி முனையை அகலமாக்கலாம். குழல் நீள நீளச் சத்தம் கனத்து இறங்கும், நாதஸ்வரத்தின் அடிக்குரல் போல. பெரிய பேரனுக்கு நீளக் குழல், சின்னவனுக்குக் குட்டிக் குழல் என்று பிரித்துக் கொடுத்தால் ஒரு செட்டே தயார்.

பூவரசு கிடைக்காத இடத்தில் தென்னை ஓலை. ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஓலைக்கீற்றை ஒரு முனையில் குறுகலாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி அகலமாகச் சுற்றிக்கொண்டே போங்கள். கடைசிச் சுற்றை ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்திவிட்டால் பிரியாது. குறுகிய முனையைத் தட்டையாக்கி ஊத வேண்டும்.

ஊதுகிற தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை. பல்செட் தளர்வாக இருந்தால் கழற்றிவிட்டு ஊதுங்கள், பொக்கை வாயில் பீப்பி இன்னும் நன்றாகவே பேசும். கண் ஆபரேஷன் செய்து சில வாரங்களே ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் சுருட்டிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, ஊதுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

நான்காவது: அடுக்களை மேளம்

இது பாட்டியின் ராஜ்யம், தாத்தா உள்ளே நுழைய வேண்டாம். எந்தப் பாத்திரம் போகலாம், எது போகக் கூடாது என்று முதலிலேயே பிரித்துத் தரையில் வைத்துவிடுங்கள். சில்வர் அண்டா, பித்தளைக் குடம், தாம்பாளம், பழைய இரும்பு வாணலி எல்லாம் போகலாம். நான்ஸ்டிக் தவா, குக்கர் மூடி, கல்யாணச் சீராக வந்த வெண்கலப் பானை ஆகியவற்றை அலமாரியில் பூட்டிவிடுங்கள். நான்ஸ்டிக்கில் பூச்சு போய்விடும், குக்கர் மூடி நெளிந்தால் அடுத்த நாள் விசில் வராது.

பாத்திரம் பெரிதானால் சத்தம் கனமாக வரும், சிறிதானால் கீச்சென்று வரும். கவிழ்த்த அண்டாவை மரக்கரண்டியில் துணி சுற்றி அடித்தால் தவில் மாதிரி 'தொம்' என்று கேட்கும். குடத்தை மடியில் வைத்து வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் தட்டினால் சத்தம் உருண்டு வரும், கடம் வாசிப்பவர்கள் செய்வது அதைத்தான். தாம்பாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடித்தால் சப்பென்று போய்விடும், ஏனென்றால் பிடித்த கையே அதிர்வை அமுக்கிவிடுகிறது. அதையே நூலில் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டு அடித்துப் பாருங்கள், கோயில் சேமக்கலம் மாதிரி அடங்க நேரமாகும். இந்த இரண்டையும் பிள்ளைகளையே செய்து பார்க்க விடுங்கள். காரணத்தை அவர்களாகக் கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

அடிக்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் காது கூசும் இரைச்சலாகிவிடும். அதை மேளமாக மாற்ற ஒரு வழி உண்டு. தாளத்தை வாயால் சொல்லும் ஜதிச் சொற்களைப் பலகாரத்தின் பெயரில் சொல்லிக் கொடுங்கள். தகிட மூன்று அடி, அதற்கு 'முறுக்கு'. தகதிமி நான்கு, அதற்கு 'பணியாரம்'. தக தகிட ஐந்து, அது 'வடை முறுக்கு'. தகிட தகதிமி ஏழு, அது 'முறுக்கு பணியாரம்'. வாயால் சொல்லிக்கொண்டே அடித்தால் கை தானாக ஒழுங்குக்கு வரும். ஒரு கூட்டம் 'முறுக்கு' அடிக்க, இன்னொரு கூட்டம் 'பணியாரம்' அடிக்கட்டும். இரண்டும் பன்னிரண்டாவது அடியில் முடிந்து, அடுத்த அடியில் சேர்ந்து தொடங்கும். அந்த இடம் பிடிபட்ட அன்று பிள்ளைகள் போடும் கூச்சல் மேளத்தையே மிஞ்சிவிடும். சங்கீத வாத்தியார்கள் இந்தப் பாடத்திட்டத்தை ஏற்றுக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

மேளத்துக்கு ஓய்வு கொடுக்கும் நேரத்தில் தண்ணீர்ச் சத்தம். பீங்கான் கிண்ணங்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி ஈர்க்குக் கட்டால் தட்டினால் ஜலதரங்கம். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். அடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, வாய்க்குக் குறுக்கே ஊதச் சொல்லுங்கள். இங்கே தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும்! தட்டும்போது அதிர்வது கிண்ணம், தண்ணீர் சேர்ந்தால் அது கனத்து மெதுவாக அதிர்கிறது. ஊதும்போது அதிர்வது பாட்டிலுக்குள் இருக்கும் காற்று, தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறைகிறது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் இந்த ஒன்றிலேயே அரை நாள் ஓடிவிடும்.

ஐந்தாவது: வாசலுக்கு வெளியே

நுங்கு வண்டி செய்ய முதல் வேலை நுங்கு தின்பது. வண்டிக்காரரிடம் சுளையைத் தனியாக எடுக்க வேண்டாம், காயைச் சீவிக் கண்ணை மட்டும் திறந்து கொடுங்கள் என்று கேளுங்கள். பெருவிரலால் தோண்டித் தின்ன வேண்டும், சட்டை நனையத்தான் செய்யும். பிறகு ஒரே அளவுள்ள இரண்டு காய்களை எடுத்து, நடுவில் ஓர் அடி நீளக் குச்சியை இறுக்கமாகச் செருகினால் அச்சும் சக்கரமும் ஆயிற்று. பிள்ளையின் இடுப்புயரத்துக்கு ஒரு கவைக்குச்சி வெட்டி, கவையை அச்சின்மேல் வைத்துத் தள்ள வேண்டியதுதான். அச்சு கவையில் உரசி 'கிறீச் கிறீச்' என்று கத்தும். எண்ணெய் போட்டால் நின்றுவிடும், போடாதீர்கள். இன்னும் சத்தம் வேண்டுமென்றால் பின்னால் ஒரு வெறும் டப்பாவைக் கயிற்றில் கட்டி இழுக்க விடுங்கள்.

கொட்டாங்குச்சிக் குதிரை இன்னும் சுலபம். இரண்டு கொட்டாங்குச்சியின் அடியில் துளை போட்டு, கயிற்றைக் கோத்து உள்ளே முடிச்சுப் போட்டு, கவிழ்த்து வைத்து ஏறி நின்று கயிற்றைப் பிடித்தபடி நடக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் 'டக் டக்' என்று கேட்கும். சின்னப் பிள்ளைகள் ஏற வேண்டாம், கையில் வைத்து ஒன்றோடொன்று தட்டினாலே குதிரை ஓடும் சத்தம் வந்துவிடும்.

பனையோலைக் காற்றாடியில் முள் வேலை உண்டு. ஓலையின் இரண்டு துண்டுகளைக் குறுக்காக வைத்து, உடைமுள்ளால் நடுவில் குத்திக் குச்சியின் நுனியில் ஏற்ற வேண்டும். வெளியே நீட்டும் முள் நுனியில் அழிரப்பர் துண்டு ஒன்றைக் கட்டாயம் செருகுங்கள். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுமே.

காகித வெடிக்கு ஒரு நாளிதழ்த் தாள் போதும். நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். நான்கு மூலைகளையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். இப்போது குறுக்கே ஒரு பாதி மடித்துப் பிரித்து, அந்தக் கோட்டை ஒட்டி இரண்டு கூர்முனைகளையும் கீழே இறக்குங்கள். கடைசியாகப் பின்பக்கம் பாதியாக மடித்தால் முக்கோணம். அந்த இரண்டு கூர்முனைகளையும் சேர்த்துப் பிடித்துக் கையை வேகமாக உதறினால் 'படார்'. உள்மடிப்பு வெளியே வராவிட்டால் தாள் தடிமனாக இருக்கிறது என்று பொருள்.

கூச்சல் விளையாட்டுகளுக்குச் சாமானே வேண்டாம். கபடி, குலைகுலையா முந்திரிக்காய், பூப்பறிக்க வருகிறோம் எல்லாம் பாதி விளையாட்டு, பாதி கோஷம். முட்டி வலிக்கிற பாட்டி திண்ணையிலிருந்து நடுவராக இருக்கலாம். நடுவர் வேண்டுமென்றே தப்புத் தீர்ப்புச் சொன்னால் சத்தம் இரட்டிப்பாகும்.

ஆறாவது: காதும் கையும் பத்திரம்

பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல் வரை கேட்பது பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு அதே நேரத்துக்கு 80 டெசிபல். வீட்டில் அளக்க எளிய வழி, கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுக்களையை விட்டு முற்றத்துக்கு மாறுங்கள், மூடிய அறையில் சத்தம் சுவரில் மோதித் திரும்பிக் கூடுதலாகிறது. யார் காதுக்கு அருகிலும் ஊதல், கேப் துப்பாக்கி, பலூன் உடைத்தல் கூடாது என்பதை மட்டும் மாற்றமில்லாத சட்டமாக வையுங்கள்.

பலூனைக் கத்தரித்து டப்பா வாயில் இழுத்துக் கட்டினால் நல்ல மேளம் கிடைக்கும். ஆனால் பலூன் துண்டை விழுங்கினால் மூச்சு அடைக்கும், எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் பார்வையில்தான் தொட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பொத்தான், புளியங்கொட்டை, சோடா மூடி எதுவும் கைக்குப் போகக் கூடாது. அவர்களுக்குச் சின்ன பாட்டிலில் அரிசி போட்டு, மூடியை டேப்பால் சுற்றி இறுக்கி, கிலுகிலுப்பையாகக் கொடுங்கள்.

காது மெஷின் போட்டிருக்கும் தாத்தா, மேளம் தொடங்குமுன் ஒலியைக் குறைத்துக்கொள்வது நல்லது. வீட்டு நாயைக் கொல்லைப்புறம் கொண்டு போய்விடுங்கள்.

ஏழாவது: காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை

எந்தக் கூட்டத்திலும் ஒரு பிள்ளை இருக்கும், மற்றவர்கள் குதிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போகும். சில பிள்ளைகளுக்குச் சத்தம் உண்மையிலேயே வலிக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இது அதிகம். "பயந்தாங்கொள்ளி" என்ற சொல் உங்கள் வாயில் வந்துவிடக் கூடாது, சித்தப்பா மாமா யாராவது சொன்னாலும் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

அந்தப் பிள்ளை கையில் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுங்கள். துண்டு மேலே போனால் மேளம், கீழே வந்தால் நிசப்தம். எப்போது சத்தம் வரும், எப்போது நிற்கும் என்பது தன் கையில் இருக்கும்போது பாதிப் பயம் போய்விடும். கொஞ்சம் தள்ளி, வாசற்படி அருகே இடம் கொடுங்கள், எழுந்து போக வழி இருக்கட்டும். வேண்டாம் என்றால் தீப்பெட்டி டெலிபோன் இருக்கவே இருக்கிறது. இரண்டு கூட்டிலும் துளை போட்டு நூல் கோத்து, ஈர்க்குத் துண்டில் முடிந்து, நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து ரகசியம் பேசலாம். நூல் தளர்ந்தாலும் எதிலாவது பட்டாலும் கேட்காது. பாட்டியோடு தனியாகப் பேசும் லைன் தனக்கு மட்டும் இருக்கிறது என்பதில் அந்தப் பிள்ளைக்குப் பெருமை வரும், மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

எட்டாவது: ராத்திரி மழை

கரண்ட் போன ராத்திரிக்கு இது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து முதலில் உள்ளங்கைகளைத் தேய்க்க வேண்டும், அது காற்று. பிறகு விரல் சொடுக்கு, தூறல். அப்புறம் தொடையில் தட்டல், அடைமழை. கடைசியில் காலால் தரையை மிதித்தால் இடி. ஒரே நேரத்தில் மாற்றாமல், தாத்தாவிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக வட்டத்தில் மாற்றிக்கொண்டு போனால்தான் மழை நெருங்கி வருவதுபோல் கேட்கும். வந்த வழியே திரும்பி, தேய்ப்பில் முடித்தால் பிள்ளைகள் தானாக அடங்கியிருப்பார்கள். தூங்கப் போகுமுன் இதைச் செய்வது அந்த லாபத்துக்காகத்தான்.

நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனால்

சென்னையிலோ பெங்களூரிலோ அடுக்குமாடி என்றால் கணக்கு வேறு. கீழ் வீட்டுக்குப் போகும் சத்தம் பெரும்பாலும் தரை வழியாகத்தான் போகும். வாயால் கத்துவதைவிடக் குதிப்பதும் கொட்டாங்குச்சிக் குதிரையும்தான் சண்டை இழுக்கும். அண்டாவுக்கு அடியில் மடித்த ஜமுக்காளம் போடுங்கள், மிதிக்கும் விளையாட்டுகளை மொட்டை மாடிக்கோ பூங்காவுக்கோ கொண்டு போங்கள். பாட்டில் ஊதல், ஜலதரங்கம், ஜதி எல்லாம் அறைக்குள்ளேயே நடக்கும்.

ஊருக்குக் கிளம்பும்போது

நுங்கு வண்டியை எடுத்துப்போவேன் என்று ஒருவராவது அழுவார்கள். கொடுக்காதீர்கள். ஓரிரு நாளில் காய் சுருங்கி அச்சு கழன்றுவிடும், வழியெல்லாம் எறும்பு. காற்றாடியை முள்ளைக் கழற்றிவிட்டு ஓலையாக மடித்துக் கொடுக்கலாம். பீப்பியை ரயிலில் கையில் கொடுத்து அனுப்பினால் மருமகள் அடுத்த லீவுக்கு வரமாட்டாள், அதை மட்டும் பெட்டிக்குள் அடியில் வைத்துக் கட்டிவிடுங்கள்.